விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

கண்ணாடியக்காவால்தான் கெட்டோம் என்று இப்போது அந்தக் கட்டடத்தில் பத்துக் குடும்பமும் ஒரே குரலில் சொல்கிறது. மூன்று வருடமாக அதே அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பத்துக் குடும்பம்தான். நரம்பில்லாத நாக்கு, எப்படி வேண்டுமானாலும் பேசும்.

சந்தை வட்டாரத்தின் மூன்றாவது சந்தில், படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. கல்யாண போட்டோ, செத்தவர் போட்டோ, பையன் வாங்கிய சான்றிதழ், கடையில் மாட்டவேண்டிய உரிமப் பத்திரம், எதைக் கொண்டுபோனாலும் சட்டம் போட்டுத் தருவார்கள். மரம் அறுப்பது முதலாளி. கண்ணாடி அறுப்பது அவள், இருபத்திரண்டு வருடமாக. வைரமுனைக் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பு. பிறகு அடியில் ஒரு சின்னத் தட்டு. கண்ணாடி சொன்ன பேச்சுக் கேட்டு இரண்டாக விலகும். ஒரே கோட்டில் இரண்டாம் தரம் இழுக்கக் கூடாது, இழுத்தால் அது ரோஷப்பட்டுத் தன் இஷ்டத்துக்கு உடையும் என்பாள்.

வீடு அதே சந்தின் கடைசியில், முதல் மாடியில், ஒரே அறை. கீழே சந்தையின் மூட்டைக் கிடங்கு. மேலே இரண்டு மாடி. மொத்தம் பதினோரு குடும்பம், இரண்டு கக்கூஸ். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வந்த அன்றைக்குச் சாக்கடை நாற்றத்தையும் கூட்டிக்கொண்டு வரும். இப்படிப்பட்ட இடத்தில் எதற்கு உயிரை விடுகிறாள் என்று கேட்பவர்கள் அவள் புருஷனின் முழங்காலைப் பார்த்ததில்லை.

அவர் கைவண்டி இழுத்தவர். ஒரு நாள் மூட்டை அடுக்கு சரிந்து இடது முழங்காலில் விழுந்தது. அதற்குப் பிறகு மொத்தக் கடைக்காரர், பாவம் பார்த்தாரோ வழக்குக்குப் பயந்தாரோ, எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு எடை சொல்லும் வேலையைக் கொடுத்தார். விடியற்காலை நாலரைக்கு அங்கே இருக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து எடை மேடைக்கு முந்நூற்றுப் பத்துத் தப்படி. எண்ணியது அவரேதான். முந்நூற்றுப் பத்தைத் தாண்டினால் முழங்கால் மக்கர் செய்யும். கால் போனபின் அவருக்குப் பிடித்த பைத்தியம் இது. எங்கே போனாலும் எண்ணிக்கொண்டே போவார், எண்ணி முடிந்ததும் உட்கார்ந்துவிடுவார்.

வாடகை பழைய காலத்து வாடகை. ஆகவே வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடமாட்டார். “நீங்க குடுக்குற வாடகைக்கு நான் வந்து படிக்கட்டப் பெருக்கவா?” என்பார். ஆனால் லாரி பின்பக்கமாக வந்து கிடங்கு வாசலில் நிற்க வேண்டும் என்றபோது, வாசலை அகலமாக்கக் கீழ்ச்சுவரில் பாதியை எடுத்துவிட்டார். அதற்கு மட்டும் ஆளும் வந்தது, பணமும் வந்தது. ஏற்கெனவே அடியில் எங்கேயோ சாக்கடைக் குழாய் உடைந்து, அஸ்திவாரம் வருடம் முழுக்கக் குளித்துக்கொண்டிருந்தது. சுவரும் போனதும் கிடங்கு வாசலுக்கு மேலே ஒரு விரிசல் பிறந்தது. பிறந்தது சும்மா இருக்குமா? படிக்கட்டுச் சுவரில் ஏறி, திருப்பத்தில் வளைந்து, கண்ணாடியக்கா வீட்டுக் கதவு நிலைக்கு மேலே வந்து நின்றது.

அப்போதுதான் மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், தோளில் ஒரு தோல்பை. விரிசல் விட்ட கட்டடங்களைப் பார்த்துக் குறிப்பெழுதுவது அவர் வேலை. இரண்டே நாளில் அவருக்கு ‘விரிசல் சார்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் ஸ்டூலில் ஏறி, அவள் வீட்டுக் கதவுக்கு மேலே, விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் வெள்ளை சிமென்ட்டால் ஒட்டினார். அரையடி நீளம், ஓரங்குல அகலம். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தின வாரம் கடைக்கு அறுபது துண்டு ஆர்டர் வந்து, “என்ன எழவுக்கு இது?” என்று திட்டிக்கொண்டே அவள் அறுத்த கண்ணாடிதான்.

“இது எதுக்கு சார்?”

“செவுரு நகருதான்னு பாக்கம்மா. நகர்ந்தா கண்ணாடி உடைஞ்சிரும். ரப்பரா என்ன, கூடவே நீளுறதுக்கு?”

“உடைஞ்சா?”

“அபாயக் கட்டடம்னு எழுதுவேன். உங்க எல்லாரையும் காலி பண்ணி வேற எடத்துல வெப்பாங்க.”

“எங்க?”

அவர் கையை நீட்டிக் காட்டினார். சுவர், சந்து, சந்தை எல்லாவற்றையும் தாண்டிக் காட்டினார். கண்ணாடியின் மேல் அழியாத மையில் தேதியை எழுதிவிட்டு இறங்கினார். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் காட்டிய இடம் எல்லாருக்கும் தெரியும். ஊர்க்கோடி. பின்சந்துக் கட்டடத்தை இடித்தபோது அங்கே இருந்தவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம். அவர்களில் ஒருவர் பூட்டு ரிப்பேர் செய்பவர், கெட்டிக்காரர். அங்கே போனபின் அவருக்குத் தொழிலே இல்லை. பூட்டிவைக்கிற அளவுக்கு அங்கே யாரிடமும் எதுவும் இல்லை. தினம் இரண்டு பஸ் மாறிச் சந்தைக்கு வந்தார், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார், பிறகு வரவில்லை. முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான் கிளம்புகிறது. நாலரை மணி எடை மேடைக்கு அங்கிருந்து எந்த மகராசன் வந்து சேர முடியும்?

ஐந்தாவது மாதம், நல்ல மழைக்கு மறுநாள், வாசலைப் பெருக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியின் நடுவே தலைமயிர் மாதிரி ஒரு கோடு. அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது சுவர் இல்லை, முந்நூற்றுப் பத்துத் தப்படி.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து ஒரு துண்டு கண்ணாடியும் கொஞ்சம் வெள்ளை சிமென்ட்டும் கொண்டுவந்தாள். தானே அறுத்த கண்ணாடி, எவன் வந்து வித்தியாசம் கண்டுபிடிப்பான்? பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். அதே தேதியை எழுதினாள். விரிசல் சார் ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவார், அதைக்கூட விடவில்லை. புதுக் கண்ணாடி பளபளக்கக் கூடாதே என்று, பெருக்கிய தூசியைத் துணியில் தொட்டு மேலே பூசினாள். செய்வன திருந்தச் செய் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது இதற்கா என்று கேட்காதீர்கள். அவளுக்குத் திருந்தச் செய்ய மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் வந்த புருஷன் மூக்கை உறிஞ்சினார். “என்ன, வீட்டுக்கு வெள்ளையடிச்சியா?”

“ஆமா. உங்க மொழங்காலுக்கு.”

அவர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே போய்ப் படுத்தார்.

இரண்டாம் தரம் உடைந்தபோது முதலில் பார்த்தது இரண்டாம் மாடித் தையல்காரர். அவரே தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுப் பிடித்துக்கொண்டார். “நீ ஒட்டு தங்கச்சி, கீழ யாரு வர்றான்னு நான் பாத்துக்கறேன்.” அன்றோடு கட்டடம் முழுக்கச் செய்தி பரவியது. அதற்கப்புறம் அவளுக்கு ராஜ மரியாதை. தண்ணீர் வரும் நாளில் அவள் குடம்தான் முதலில் நிறையும். “அக்கா மட்டும் இல்லன்னா இந்நேரம் நாம நடுத்தெருவுல” என்று மாடிப்படியில் பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கண்ணாடியக்கா என்ற பேரும் அப்போது ஒட்டியதுதான்.

மூன்று வருடத்தில் ஏழு கண்ணாடி உடைந்தது. முதலாவது ஐந்து மாதம் தாங்கியது. கடைசி இரண்டும் மூன்று மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. உடைந்த துண்டுகளை அவள் எறியவில்லை. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில், ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, அது உடைந்த உண்மையான தேதியை எழுதி வைத்திருந்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சுவர் நகர்வது தெரியாமல் செய்தாள் என்று சொல்லி அவளைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை. நன்றாகத் தெரியும். கதவு நிலையில் சிக்கிச் சிக்கி, அடிப்பக்கத்தை இரண்டு தரம் இழைத்தாகிவிட்டது. மூட்டை லாரி பின்பக்கமாக வந்து நிற்கும்போது சுவரிலிருந்து பொடி உதிரும் சத்தம் கேட்கும். அப்போதெல்லாம் புருஷன் காலைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்ப்பார், அவள் எழுந்து போய் எதையாவது கழுவுவாள்.

மூன்றாம் வருட முடிவில் வந்தது அந்த உத்தரவு. சந்தைக்குப் பக்கத்தில், இரண்டே சந்து தள்ளி, பழைய பஸ் டிப்போ இருந்த இடத்தில் மாநகராட்சி அடுக்குமாடி கட்டி முடித்திருந்தது. சந்தை வட்டாரத்து அபாயக் கட்டடங்களில் இருப்பவர்களை இனி ஊர்க்கோடிக்கு அனுப்புவதில்லை, அங்கே வீடு என்றார்கள். யாருக்கு? மூன்று வருடக் கண்ணாடிக் குறிப்பை வைத்துப் பட்டியல். இப்படி ஒரு நல்ல காரியத்தை எந்த அரசாங்கமாவது செய்யும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அவள் மேல் என்ன தப்பு? அதுவரை யாரும் செய்ததில்லையே.

எதிர்க் கட்டடத்தில் இரண்டே தரம்தான் கண்ணாடி உடைந்திருந்தது. பட்டியலில் அதுதான் முதல் பேர். இவர்கள் கட்டடத்துக்கு நேராக ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: ‘அசைவில்லை.’

காசைக் கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. இவள் கண்ணாடியைக் கொடுத்து வைத்துக்கொண்டாள். டிப்போ வாசலிலிருந்து எடை மேடைக்கு இருநூற்று அறுபது தப்படி. உத்தரவு வந்த அன்றே புருஷன் போய் எண்ணிவிட்டு வந்திருந்தார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

கட்டடம் கொதித்தது. படிக்கட்டில் எல்லாரும் கூடி நின்றார்கள். தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“ஏன் தங்கச்சி, நாங்களா ஒட்டச் சொன்னோம்?”

“ஸ்டூலப் புடிச்சது யாரு அண்ணே?”

“ஸ்டூலத்தான புடிச்சேன்!”

அவள் உள்ளே போய் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக மாநகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள்.

விரிசல் சார் தனியாகத்தான் இருந்தார். மேஜையில் டப்பாவை வைத்துத் திறந்தாள். ஏழு பொட்டலம். ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக அடுக்கினாள். மூன்று வருடத்துப் பொய்யை அவரிடம் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் திடுக்கிடுவார், திட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடித் துண்டுகளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும்மா” என்றார்.

“என்ன சார் தெரியும்?”

“ரெண்டாவது தடவ வந்தப்பவே தெரியும். தேதி சரியா எழுதுனீங்க. ஏழுக்குக் கோடு போட்டீங்க. தூசியெல்லாம்கூடப் பூசுனீங்க. விரிசல என்ன பண்ணுனீங்க? கண்ணாடிக்குப் பின்னாடி அது ஒவ்வொரு தடவையும் அகலமாகிட்டே போகுது. இப்ப என் சுண்டுவிரல் போகும். மேல கண்ணாடி மட்டும் ஒரு கீறல் இல்லாம முழுசா இருக்கு. ரப்பரா அது?”

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். மூன்று வருடம் கண்ணாடியையே பார்த்தவளுக்கு, கண்ணாடி வழியாகப் பார்க்கத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்தத் தொழில் செய்தவளுக்கு!

“தெரிஞ்சும் ஏன் சார் எழுதல?”

“எழுதுனா ஊர்க்கோடி. பின்சந்து ஆளுங்கள நான்தான் எழுதி அனுப்புனேன். அந்தப் பூட்டுக்காரர் ஒரு நாள் இங்க வந்து, இதே எடத்துல நின்னு, ஒரு வார்த்த பேசாம என்னையே பாத்துட்டுப் போனாரு. அப்புறம் எனக்கு எழுதக் கை வரல. பதினோரு குடும்பம் பொழச்சுப் போகட்டும்னு விட்டேன்.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன்.”

“இப்ப எழுதுங்க சார்.”

“எப்படி? மூணு வருஷம் நான் போட்ட கையெழுத்தெல்லாம் பொய்னு நானே எழுதணும். ஏழு மாசத்துல எனக்கு ஓய்வு. உங்களுக்கும் கேஸு வரும், ஆபீஸ் கண்ணாடிய மாத்துனதுக்கு.”

“செவுரு விழுந்தா?”

அவர் ஏழு துண்டையும் பழையபடி சுற்றி டப்பாவில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார், உடைந்த கண்ணாடி இனி என்ன உடையப்போகிறது என்று தெரியாதவர் மாதிரி. “புதுசா மனு குடுங்க. நாளைக்கே வந்து வேற கண்ணாடி ஒட்டுறேன். உடைஞ்சா சத்தியமா எழுதறேன். ஆனா டிப்போ லிஸ்ட்டு முடிஞ்சிருச்சு. இனிமே போனா ஊர்க்கோடிதான்.” டப்பாவை மூடிவிட்டு, சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னார். “உங்க கட்டடத்து ஓனரு போன வாரமே வந்து சான்றிதழ் வாங்கிட்டுப் போயிட்டாரும்மா. கட்டடம் உறுதியா இருக்குன்னு. கெடங்க எடுத்துட்டு, அட்டைப்பெட்டி வெட்டுற மிஷின் போடப் போறாராம்.”

நான்காம் நாள் அந்தச் சான்றிதழ் கடைக்கே வந்தது. வேறு எங்கே போகும், அந்தச் சந்தில் இருப்பது ஒரே சட்டக் கடை. வீட்டுக்காரரின் ஆள் கொண்டுவந்தான். மிஷின் உரிமத்துக்கு அதைக் கீழ்வாசலில் தெரியும்படி மாட்ட வேண்டுமாம், இன்றைக்கே வேண்டுமாம். ‘மேற்படி கட்டடத்தில் மூன்றாண்டுகளாக அசைவு ஏதும் காணப்படவில்லை.’ அவள் படித்தாள். கண்ணாடியை மேஜையில் போட்டாள். அளவுகோலை வைத்துக் கட்டரை இழுத்தாள். கோடு சரியாக விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது. வேலைக்கு வந்த நாள் முதல் செய்யாததைச் செய்தாள், மறுபடியும் இழுத்தாள். கண்ணாடி கோணலாகப் பிளந்தது.

“என்னம்மா ஆச்சு ஒனக்கு?” என்றார் முதலாளி. அவள் இன்னொரு கண்ணாடியை எடுத்து அறுத்து, சட்டத்தில் பொருத்தி, பின்பக்கம் ஆணி அடித்துக் கொடுத்தாள்.

“அக்கா, நீங்க அந்தக் கட்டடம்தான? போற வழில மாட்டிருங்களேன்” என்றான் அந்த ஆள்.

சாயங்காலம் அவனும் கூட வந்தான். கிடங்கு காலியாக இருந்தது. மிஷினுக்காக நாலு மூலையிலும் இரும்பு போல்ட் புதைத்திருந்தார்கள். அவன் காட்டிய இடத்தில், விரிசலுக்கு ஒரு முழம் இடது பக்கமாக, அவள் ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். பாதி உள்ளே போயிற்று. இன்னொரு தட்டு. தலையோடு முழுசும் உள்ளே போய்விட்டது, ஈர மண்ணில் குச்சி இறங்குகிற மாதிரி. கைவிரலால் துழாவினாள், ஆணி அகப்படவில்லை. நனைந்த சுண்ணாம்பு அவள் மணிக்கட்டில் வழிந்தது.

“கொஞ்சம் தள்ளி அடிங்கக்கா.”

தள்ளி அடித்தாள். அதுவும் போயிற்று. மூன்றாவது ஆணி போனபோது கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் பெயர்ந்து விழுந்தது. உறுதி என்று எழுதிய காகிதத்தை மாட்ட அந்தச் சுவரில் இடம் இல்லை.

அந்த ஆள் தலையைச் சொறிந்தான். “சரி, விடுங்க. கீழ சாத்தி வெச்சிருங்க, வர்றவங்க கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்.”

அவள் சாத்தி வைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் மாடி ஏறினாள். ஏறும்போது ஒவ்வொரு கதவையும் தட்டி, “ஆணி நிக்கல. செவுரு மண்ணாப் போச்சு. கெளம்புங்க” என்றாள். தையல்காரர் கதவைத் திறக்காமலே, “ஒன் பேச்ச ஒரு தடவ கேட்டதே போதும்” என்றார். மற்றவர்கள் திறந்து, கேட்டு, மூடிக்கொண்டார்கள். மூன்று வருடம் சுவர் நிற்கிறது என்று அவள் சொன்னபோது நம்பியவர்கள், விழப்போகிறது என்றபோது நம்பவில்லை.

புருஷன் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். அவள் கையில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். கதவுக்கு மேலே எட்டாவது கண்ணாடி முந்தின நாளே உடைந்து ஒரு பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் தொடவில்லை.

“நாளைக்கு மனு குடுக்கப் போறேன்” என்றாள். “ஊர்க்கோடின்னாலும் சரி. அதுவரைக்கும் கடைல கண்ணாடி அடுக்குற எடத்துல படுத்துக்கலாம், மொதலாளி வேணாம்னு சொல்லமாட்டாரு. அங்க போனா தெனம் பஸ்ஸுதான், மொத பஸ்ஸே ஆறுக்கு, வேல நேரத்த மாத்திக் கேக்கணும். பஸ் ஸ்டாப்புலேருந்து எட மேடைக்கு எவ்வளவுன்னு எண்ணணும்.”

“எண்ணிட்டேன்.”

“எப்ப?”

“போன மாசம். எண்ணூத்தி நாப்பது.”

அவள் நின்றபடியே சுவரைப் பிடிக்கப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “எப்படிங்க நடந்தீங்க?”

“நடுவுல மூணு தடவ உக்காந்தேன்.” முழங்காலைத் தடவினார். “அதொண்ணும் பெரிய வலி இல்ல. பழகிரும்.”

அவள் டிரங்குப் பெட்டியை இழுத்துத் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். அவர் தன் துண்டை மடித்து அவளிடம் நீட்டினார்.

“ஏம்மா.”

“ம்.”

“மூணு தடவ இல்ல, ஆறு தடவ. கடைசில ஒருத்தரு கைவண்டில ஏத்திக் கொண்டாந்து விட்டாரு. நீ பயந்துருவேன்னு கொறச்சுச் சொன்னேன்.”

பொய் சொன்னதற்காக அவரைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த வீட்டில் அவளுக்கு அதற்கு வாய் இல்லை. குனிந்து மிச்சத் துணியையும் மடித்து வைத்தாள்.